பத்தொன்பதாம் நிலையிலேயே தங்கிவிடுவது எப்படி

நாள் 2,218 | 06:10 | நிலை 19 | கையிருப்பு 16,140 வராகன்

இதை ஹெல்மெட்டில் பேசிப் பதியவில்லை. அதில் பேசுவதெல்லாம் கம்பெனிக்குப் போய்விடும். இது காற்று வடிகட்டித் தாளின் பின்பக்கம், கையால் எழுதுவது. யார் கையில் கிடைக்கிறதோ அவருக்குப் பிரயோஜனப்படட்டும்.

பெயர் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்று. ஊர் தூத்துக்குடி. வேலை, சனியின் நிலவான என்செலடஸில் ஏழாம் சாவடிக் காவல். ஒரு சாவடிக்கு ஒரே ஆள். பனிக்கு அடியிலிருந்து வெந்நீரை இறைத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எட்டாம் சாவடிக்குக் குழாயில் அனுப்ப வேண்டும். எட்டுக்கு வேறு சூடு கிடையாது.

தனியாக இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கக் கூடாதென்று கம்பெனி இந்த வேலையையே ஆன்லைன் விளையாட்டாக மாற்றி வைத்திருக்கிறது. பெயர் மலைநாடு. நாற்பது சாவடிக்காரர்களும் அதற்குள்தான் இருக்கிறோம். பழுதான பம்பு ஹெல்மெட் கண்ணாடியில் அரக்கனாகத் தெரியும். பழுது பார்த்து முடித்தால் அரக்கன் செத்தான்; அனுபவப் புள்ளி ஏறும், புள்ளி சேர்ந்தால் நிலை ஏறும். குழாயில் படிந்த உப்பைச் சுரண்டினால் மூலிகை பறித்ததாகக் காட்டும். அதற்குப் புள்ளி இல்லை, வராகன் மட்டும். வராகன்தான் இங்கே காசு. சுவைத்தூள், கையுறை, கருவிகள், கடைசியில் ஊருக்குப் போகிற படகில் ஓர் இருக்கை, எல்லாம் அதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இனி நான் கற்ற பாடம். இருக்கையின் விலை நிலை ஒன்றுக்கு ஆயிரம் வராகன். ஐம்பதாம் நிலைக்காரன் ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டும். கைதேர்ந்த ஆளை ஊருக்கு விட்டுவிடக் கம்பெனிக்கு மனசு வருமா? இது புரியாமல் எல்லாரும் ஆசை ஆசையாக நிலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நான் பத்தொன்பதில் நின்றுவிட்டேன், இரண்டு வருடமாக. இருபதைத் தொட்டால் மூலிகைக்குச் சல்லிக்காசு தரமாட்டார்கள், பெரிய வேலைக்குத்தான் காசு, அதனால் தொடுவதில்லை. பழுது சிறிதாக இருக்கும்போதே கம்பியால் கட்டிவிடுவேன். கட்டுவதற்குப் புள்ளி கிடையாது.

படகு வர எழுபது நாள். ஒரு நாளைக்கு மூலிகை நாற்பது வராகன். எழுபது நாளில் 2,800. கூட்டினால் 18,940. மீதி அறுபதுக்கு என் குளியல் நேரத்தை விளையாட்டுச் சந்தையில் விற்கிறேன், முறை ஒன்றுக்கு மூன்று வராகன். நாற்றம் எனக்கு மட்டும்தானே.

நாள் 2,231 | 07:40 | நிலை 19 | கையிருப்பு 16,672

எட்டுக்குப் போகும் குழாயின் வால்வில் பனி கட்டியிருக்கிறது. கண்ணாடியில் நீல அரக்கன், மேலே எழுத்து: "வென்றால் 900 புள்ளி." இருபதாம் நிலைக்கு எனக்குக் குறைவது 310 புள்ளி. வேலை இரண்டு மணி நேரம்தான். வாஷரை மாற்றிச் சூடு காட்டினால் முடிந்தது. தொடவில்லை.

எட்டாம் சாவடியில் இருப்பவர் சுயம்புலிங்கம், திசையன்விளைக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். நிலை 31. செலவாளி. மீன்குழம்புச் சுவைத்தூளுக்குப் பதினைந்து வராகன் கொடுக்கிற ஆளை வேறென்ன சொல்வது? போன வருடம் என் பிறந்தநாளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். அதைப் பன்னிரண்டுக்கு விற்றேன்.

இன்று ரேடியோ அலையில் வந்தார்:

"அக்கா, எட்டுலேந்து சுயம்பு பேசுதேன். வெந்நி வரத்து கொறஞ்சிருக்கு. ஒங்க பக்கம் வால்வ ஒருக்கா பாருங்கக்கா."

பார்க்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன், அது பொய்யில்லை.

நாள் 2,244 | 18:05 | நிலை 19 | கையிருப்பு 17,204

மகள் ஸ்டெபனாவிடமிருந்து செய்தி. நான் கிளம்பும்போது ஆறு வயது. இப்போது பன்னிரண்டு. வழக்கமாகப் பத்து நிமிடம் பேசுவாள். இன்று இருபது விநாடி.

"அம்மா, இந்தப் படகுலயும் நீங்க வரலைன்னா இனிமே எனக்குப் பேச ஒண்ணுமில்ல. கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. குரலில் கோபமே இல்லை. அடுத்த படகு மூன்று வருடம் கழித்து. அவளுக்குப் பதினைந்தாகிவிடும். யார் இவள் என்று கேட்பாள்.

சுயம்புலிங்கத்திடம் இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வால்வைத் தொட்டால் நிலை இருபது, இருக்கை இருபதாயிரம், மூலிகைக் காசும் நின்றுவிடும், படகு போய்விடும். படகு வந்து நின்ற பிறகுதான் இருக்கை வாங்க முடியும். வாங்கிய கையோடு வால்வைச் சரிசெய்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று சத்தியம் செய்தேன். தன் சாவடியில் எட்டு டிகிரி என்றார், தாங்கிக்கொள்வேன் என்றார், உங்கள் பிள்ளை முக்கியம் என்றார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம் எதையும் கேட்டுவிடலாம்.

நாள் 2,259 | 09:15 | நிலை 19 | கையிருப்பு 17,819

வரத்து கால்வாசிதான். அங்கே மைனஸ் பதினாறு. உடுப்பைக் கழற்றாமல் தூங்குகிறாராம். இடது கை விரல்கள் இரண்டு கறுத்துவிட்டன. இவ்வளவு செலவு செய்து வாங்கிய நல்ல உடுப்பு இப்போது உதவுகிறதல்லவா என்று கேட்டேன். சிரித்தார்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், இந்த ஒரு பழுதுக்குப் புள்ளி வேண்டாம் என்று. பதில் வந்தது: "அனுபவம் பெற்றவருக்கே உரியது. மறுக்க இயலாது. நல்லாட்டம் தொடரட்டும்." எட்டின் குளிரைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதற்கு, ஏழாம் சாவடிக்கு உகந்த பணி காத்திருக்கிறது என்று அதே நீல அரக்கனைக் காட்டினார்கள்.

வால்வைக் கம்பியால் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பனி உதிர்ந்தது. உடனே கண்ணாடியில் "அரக்கன் காயமடைந்தான், 12 புள்ளி." கையை எடுத்துவிட்டேன். இப்போது குறைவது 298.

இருபத்தொன்பது நாள் இருக்கிறது. மனிதன் இதைவிடக் குளிரில் பிழைத்திருக்கிறான்.

நாள் 2,266 | 11:20 | நிலை 19 | கையிருப்பு 18,105

நடந்து வருகிறார். சொல்லாமல் கிளம்பிவிட்டார். எட்டில் சூடு சுத்தமாக நின்றுவிட்டதாம். உடுப்பின் பேட்டரி ஒரு வழிக்குத்தான் தாங்கும். என் சாவடிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், வால்வைத் தொட வேண்டாம், படகு வரும்வரை ஒரு மூலையில் கிடக்கிறேன் என்கிறார்.

நல்ல யோசனைதான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூழை இரண்டாகப் பிரித்து வைத்தேன்.

அதே நாள் | 13:02

வெளிக்கதவின் முன் நிற்கிறார். பொத்தானில் கை வைத்ததும் கண்ணாடியில் எழுத்து: "விருந்தினரை வரவேற்பீர். விருந்தோம்பல் 350 புள்ளி."

இப்படி ஒரு புள்ளி இருப்பதே எனக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் யாரும் வந்ததில்லை.

298 குறைகிறது. கதவு 350.

13:09

கதவோரம் பொருள் தரும் சிறு பெட்டி வழியே பேட்டரியை வெளியே தரலாமா என்று பார்த்தேன். "துயர் துடைத்தல், 400." கருணைக்கு இந்த விளையாட்டில் ரொம்பக் கூலி.

அவரே உள்ளே வர வெளியே பிடி கிடையாது.

13:31

இன்னும் இருபத்திரண்டு நாள்தான். வெறும் இருபத்திரண்டு நாள். ஸ்டெபனாவின் செய்தியை மறுபடி ஓடவிட்டேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவரே, உங்களுக்குப் பிள்ளை இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு படியுங்கள்.

13:50

கதவைத் தட்டவே இல்லை. அலையில் மட்டும் பேசினார். எழுதி வைக்கிறேன், ஒரு சொல் மாற்றாமல்:

"அக்கா, ஏன் தொறக்கலன்னு தெரியும்க்கா. எனக்கும் எட்டுல ஒரு கதவு இருக்கு, அந்தப் புள்ளிக் கணக்கு நானும் பாத்துருக்கேன். வரும்போதே யோசிச்சேன். சரி, அக்கா தொறப்பாங்கன்னு வந்துட்டேன்."

பிறகு:

"வாரிசுப் பக்கத்துல ஒங்க பேரப் போட்டுட்டேன். எங்கிட்ட இருக்கதெல்லாம் ஒங்களுக்குத்தான். ஒண்ணு விடாம எழுதிட்டேன். பாப்பாவப் போய்ப் பாருங்க."

நன்றி என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அவரிடம் ஆறாயிரமாவது இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அழித்துவிடலாம் இதை. அழிக்கவில்லை.

14:40

கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

நாள் 2,267 | 02:40 | நிலை

விளையாட்டில் ஒரு மணி அடித்தது. நிலை ஏறும்போது அடிக்கும் மணி. இரண்டு வருடமாக நான் கேட்காத மணி.

மறுபடி அடித்தது. மறுபடி. எண்ணினேன். பதினைந்து முறை.

"சுயம்புலிங்கத்தின் வாரிசுக்கு வாழ்த்துகள். வராகன் 6,695. அனுபவம் முழுவதும். தாங்கள் இப்போது நிலை 34."

வாரிசுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று காசு. ஒன்று அனுபவம். தனித்தனியாக டிக் போடலாம். இரண்டிலும் போட்டிருக்கிறார்.

நாள் 2,270 | 10:00 | நிலை 34 | கையிருப்பு 24,800

இருக்கை 34,000. குறைவு 9,200.

மூலிகை பறித்தேன். கண்ணாடியில்: "தங்கள் தகுதிக்கு இது அற்பம். வராகன் 0." முப்பத்து நான்காம் நிலை வேலைகளைக் கேட்டேன். ஆழ்துளைப் பம்பு, ஊற்றுவாய் அடைப்பு. அதற்கெல்லாம் தடித்த உடுப்பு வேண்டும், இரட்டைக் கயிறு வேண்டும், துளைக்கருவி வேண்டும். ஒன்றையும் நான் வாங்கியதில்லை. என் கையுறையில் மூன்று ஒட்டுப் போட்டிருக்கிறேன். வாங்கப் போனால் பன்னிரண்டாயிரம். வாங்கிவிட்டு அந்த வேலைகளைச் செய்தால் நிலை இன்னும் ஏறும்.

ஒன்று விடாமல் என்றாரே. தெரிந்து சொன்னாரா? கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள்தானே, கதவின் புள்ளியைப் பார்த்தவர்தானே. அல்லது எல்லாவற்றையும் தந்துவிட வேண்டும் என்ற அசட்டு நல்ல மனசா? வெளியே போய் முகத்தைப் பார்த்தேன். ஹெல்மெட் உள்பக்கம் உறைந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தேன். உள்பக்கம் அல்லவா.

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

நாள் 2,288 | 08:30 | நிலை 34 | கையிருப்பு 24,800

படகு வந்தது. ஓட்டுநரிடம் கெஞ்சினேன், கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். பூட்டு என் கையில் இல்லையம்மா, விளையாட்டுத்தான் திறக்கும் என்றார். விபத்து பற்றிக் கேட்டார். வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார்.

ஒரு இருக்கை காலியாக இருந்தது. பிணத்துக்குக் கட்டணம் கிடையாதாம். சுயம்புலிங்கத்தை மடக்க முடியவில்லை, உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்திருந்தார். அதனால் இருக்கையில் கச்சிதமாக உட்கார்ந்தார். பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். ஊருக்குப் போய்விட்டார்.

ஸ்டெபனாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

நாள் 2,291 | 06:10 | நிலை 34 | கையிருப்பு 24,800

அதே படகில் வந்த புது ஆட்களில் ஒருத்தியை எட்டில் போட்டிருக்கிறார்கள். மாடத்தி, சங்கரன்கோவில். முப்பத்தைந்து வயது. தறி ஓட்டியவள். ஊரில் இரண்டு பிள்ளைகள். வருகிறவர்களுக்குக் கம்பெனி தரும் ஐயாயிரம் வராகன் வரவேற்புக் காசு அப்படியே கையில் இருக்கிறது.

வால்வை நேற்றே சரிசெய்தேன். இரண்டு மணி நேரம் ஆகவில்லை. 900 புள்ளி வந்தது. முப்பத்து நான்கில் 900 என்பது தூசு, நிலை அசையவில்லை. மாடத்தியின் அறையில் இப்போது இருபத்திரண்டு டிகிரி.

இன்று அலையில் ஒரு மணி நேரம் பேசினேன். சுவைத்தூள் வாங்காதே, கையுறையை ஒட்டுப் போட்டுக்கொள், பெரிய பழுதைத் தொடாதே, தினமும் மூலிகை பறி, நாற்பது வரும், காசைத் தொடாமல் வை என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஒருவருக்கொருவர் வாரிசு போட்டுக்கொள்வது வழக்கம் என்றும் சொன்னேன். என் பெயரை எப்படிப் போடுவது, எந்தக் கட்டத்தில் மட்டும் டிக் போட வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னேன்.

"இம்புட்டுத் தூரத்துல கூடப் பொறந்தவ கணக்கா ஒரு ஆள் கெடைக்கும்னு நான் நெனைக்கவே இல்லக்கா," என்றாள்.

எனக்குக் குறைவது 9,200. அவளிடம் இருப்பது 5,000. மீதி 4,200, அவள் பறிக்கும் மூலிகையில் ஒரு நாளைக்கு நாற்பது வீதம் நூற்றைந்து நாள்.

அதுவரை வால்வு திறந்திருக்கும்.