குகைக்குள் வராத அக்காவுக்கு

அக்கா,

சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த களிமண்ணை இன்று காலை கிணற்றடியில் கழுவினேன். தண்ணீர் பட்டதும் ஈரமும் வௌவால் எச்சமும் கலந்த குகை மணம் எழுந்தது. நேற்று அலுவலகத்தாரோடு மலைநாட்டுக்குப் போயிருந்தேன். முன்பு குடும்பமாகப் போனோமே, அதே குகை.

அப்போது நீங்கள் உள்ளே வரவில்லை. யுத்தத்தின் பதுங்குகுழிக் காலத்துக்குப் பிறகு அடைத்த இடம் எதற்குள்ளும் போகமாட்டீர்கள். குளியலறைக் கதவுக்குக்கூடக் கொண்டி போட்டதில்லை. எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தீர்கள். நாங்கள் வெளியே வந்து, உள்ளே பாறைகள் விழுதுபோலத் தொங்குவதை மூச்சுவிடாமல் சொன்னோம்.

"எங்கட ஊர் ஓர்ஸ் ஹில்லில இல்லாத கல்லோ? இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றீர்கள். அத்தானுக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

நேற்று வழிகாட்டி எங்களைக் குகையின் நடுவில் நிறுத்தி, விளக்கை அணைக்கப்போவதாகச் சொன்னார். கையைப் பிடிக்கிறவர்கள் பார்த்துப் பிடிக்க வேண்டுமாம்; போன கிழமை ஒருவர் வேறு ஆளின் மனைவியோடு வெளியே வந்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எனக்குப் பயம் வரவில்லை. உங்களை நினைத்து அழுகையாவது வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

ஸ்கான் எடுக்கப் போன நாள்தான் ஞாபகத்தில் வந்தது. அந்த மெஷினின் வாயைக் கண்டதும் அறை வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். உங்கள் வளையல், தோடு, பை எல்லாம் என் கையில். அன்றைக்கு வெளியே நிற்க வேண்டியது நான்.

"நீ கதைச்சா உள்ளுக்குக் கேக்குமோ?"

"கேக்காதாம் அக்கா. மெஷின் சத்தமாம்."

"பரவாயில்லை. நீ கதைச்சுக்கொண்டு நில். நான் கேக்கிறன் எண்டு நினைச்சுக்கொள்."

போய்விட்டீர்கள். மூடிய கதவைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன். சாம்பல்தீவு மீன்காரர் பாரை கொண்டுவந்தார், தண்ணி மோட்டரை நிப்பாட்டிவிட்டுத்தான் வந்தனான், இப்படி. தாதி ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நீங்கள் எங்களோடு இருந்தது கொஞ்சக் காலம்தான்.

இப்போதும் குசினி அடுப்படியில் நின்று அப்படியே கதைக்கிறேன். பூனை குட்டி போட்டதை, மழை பிந்துவதை, நேற்றைய குகையை. கதைப்பது சுலபமாக இருக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளத்தான் இன்னும் ஏலாமல் இருக்கிறது.