ஒவ்வொரு சனியும், கோப்பியோடு

16 ஏப்ரல் 88, சனி. ஹோர்சன்ஸ்.

வெயில். ஆனால் பொய் வெயில், கை விறைத்துவிட்டது. இன்று பூங்காவில் முதல் நாள் வேலை. வேலை என்று எழுதக் கூடாதாம், சம்பளம் இல்லை.

அனுப்பியது டேனிஷ் வகுப்பு ரீச்சர். வகுப்பில் வாய் திறக்கிறேன் இல்லையாம், அங்கே போய்க் கதைத்துப் பழகட்டுமாம். போனால் வயதானவர்கள் ஏழெட்டுப் பேர், ஒருவரும் கதைக்கவில்லை. எல்லோரும் முழங்காலில் நின்று களை பிடுங்குகிறார்கள். பொறுப்பாக இருப்பவர் கேர்ஸ்டன், ஓய்வுபெற்ற நேர்ஸ். பக்கத்தில் பிரெபன், வங்கி மனேஜராக இருந்தவராம். சேற்றுக்குள் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஊர் வங்கி மனேஜர் தன் வீட்டு முற்றத்தில்கூடக் குனிந்திருக்க மாட்டார்.

ஏன் செய்கிறார்கள்? விளங்கவில்லை. ஊரிலும் சிரமதானம் உண்டு. அதற்கு ஒலிபெருக்கி கட்டுவார்கள், எம்.பி. வருவார், மண்வெட்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே படம் எடுக்கவும் ஆளில்லை. முடிவில் தேர்மொஸ் கோப்பி, கேக்.

இன்றைய சொல்: கேர்ஸ்டன் என் நெஞ்சில் விரலால் தட்டி, நீ 'ஃபிரிவில்லி' என்றார். சம்பளமில்லாமல் விருப்பத்தோடு வருகிற ஆள். 'பிரிவில்லை' என்று மனப்பாடம் செய்துகொண்டேன், இனி மறக்காது. சுகந்தியையும் பிள்ளையையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம். எனக்குப் பிரிவில்லையாம்.

கூட இருக்கும் ஜெயத்துக்குப் பகிடி. "என்ன அண்ணை, சும்மா போய் வெள்ளையளின்ரை புல்லுப் பிடுங்கிறியள். அங்கை உங்கடை வளவு பத்தையாக் கிடக்குது." சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

20 ஏப்ரல், புதன்.

சரியான காற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். குடிவரவுக் கந்தோரில் விசாரணை.

சுகந்தியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டது போன வருடம். இன்றுவரை ஒரு பதிலுமில்லை. முந்தி வந்தவர்களின் பெண்சாதிமார் சில மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். இப்போது கோல்டிங்கில் இருக்கிற தமிழரில் ஒருவருக்கும் இல்லை, அல்பர்ட்ஸ்லுண்டில் ஒருவருக்கும் இல்லை. ஏன் நின்றது? ஆளுக்கொரு கதை. அதனால்தான் விசாரணைக்கு வா என்றதும் துள்ளிக்கொண்டு போனேன்.

மொழிபெயர்க்க வருகிற ஆள் பிந்துவாராம். காத்திருக்கிறாயா என்று விசாரிக்க இருந்த கந்தோர்ப் பெண் கேட்டார். வேண்டாம், எனக்கு டேனிஷ் தெரியும் என்றேன். அதை டேனிஷிலேயே சொன்னேன்.

கேட்டவை: பெயர், பிறந்த இடம், பிள்ளையின் வயது, யாரோடு இருக்கிறாய். எல்லாம் சுகமாகப் போனது. கடைசியாக நீளமாக ஒன்று. அதில் 'வீடு' பிடிபட்டது, 'சிறீலங்கா' பிடிபட்டது, முடிவில் துலக்கமாக 'ஃபிரிவில்லி'. என் சொல்! இங்கே சும்மா வீட்டில் இருக்கிறாயா, தொண்டு ஏதும் செய்கிறாயா என்று கேட்கிறார்.

"யா, யா! ஃபிரிவில்லி! ஒவ்வொரு சனியும்!" என்றேன். (போனது ஒரே ஒரு சனி. பரவாயில்லை, இனிப் போவேன்தானே.)

பேனை நின்றது. "ஒவ்வொரு சனியுமா?"

"யா. கோப்பியோடு."

ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வந்த கையோடு சுகந்திக்குக் கடிதம். விசாரணை நல்லாப் போனது, கெதியில் விசா வரும், ஆயத்தமாக இரும் என்று எழுதித் தபாலில் போட்டாயிற்று. ரின்மீன் குழம்பு. ஜெயத்துக்கும் கொடுத்தேன், அவ்வளவு சந்தோசம்.

23 ஏப்ரல், சனி.

தூறல். பூங்காவில் களை என்று நான் பிடுங்கியது பூங்கன்று. கேர்ஸ்டன் அதை எடுத்துத் திரும்ப ஊன்றினார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பின்னேரம் கோல்டிங்கிலிருந்து அன்ரனி அண்ணை வந்தார். பழைய ஆள், டேனிஷ் பேப்பர் வாசிப்பார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசித்து வாசித்துச் சொன்னார்.

"ஊரிலை இப்ப சண்டை நிப்பாட்ட ஒப்பந்தம் வந்திட்டுதாம். இவையள் திரும்பிப் போகலாம்தானே எண்டு எழுதிறாங்கள். ஃபிரிவில்லியாப் போறவையை அனுப்பலாமாம்."

"என்ன சொல்லு அண்ணை அது?"

"ஃபிரிவில்லி. ஒருத்தரும் துரத்தாமல் தன்ரை விருப்பத்திலை நாட்டுக்குத் திரும்பிறது."

"பார்க்கிலை புல்லுப் பிடுங்கிறது இல்லையோ?"

"அதுவும்தான். விருப்பத்திலை செய்யிற எல்லாத்துக்கும் உந்தச் சொல்லுத்தான். ஏன்ரா, முகம் வெளிறிக் கிடக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

ஊருக்கு விருப்பத்தோடு திரும்பிப் போவாயா என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சனியும் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கோப்பியோடு.

24 ஏப்ரல், ஞாயிறு.

மறைக்க ஏலவில்லை. இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

அன்ரனி அண்ணை (ரெலிபோனில், கத்திக்கொண்டு): "ஆர் உன்னைத் தனியக் கதைக்கச் சொன்னது? நாளைக்கே போய்த் திருத்து!"

ஜெயம்: "போகாதேங்கோ அண்ணை. மாத்தி மாத்திக் கதைக்கிறான் எண்டு எழுதுவாங்கள்."

இரண்டும் சரி போலவே கிடக்கிறது. பூங்காவுக்குப் போவதா விடுவதா? விட்டால் நான் சொன்னது பொய். போனால் நான் ஃபிரிவில்லி. திரும்பிப் போக விருப்பமுள்ளவனுக்குப் பெண்சாதியை ஏன் இங்கே கூப்பிட வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? கேட்டும் இருக்க மாட்டார்கள். ஃபைலில் ஒரு கோடு கீறி மூடியிருப்பார்கள். சுகந்தியின் விண்ணப்பத்தை என் வாயாலேயே கிழித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கம்.

வாங்க வேண்டியவை: உப்பு, பற்பசை, முத்திரை.

26 ஏப்ரல், செவ்வாய்.

நேற்றுக் கேர்ஸ்டன் வீட்டுக்குப் போய்ப் பாதி டேனிஷிலும் பாதி கையாலும் விளக்கினேன். ஆகாயவிமானம் பறப்பது போலக் கையை விரித்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இன்று காலை சேற்றுச் சப்பாத்தோடு கந்தோர் வாசலில் நின்றார்.

இந்த முறை மொழிபெயர்க்கும் ஆள் வரும்வரை வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர்தான், வயதானவர். கேர்ஸ்டன் தான் முந்திக்கொண்டு எல்லாம் சொன்னார்: இவன் எங்கள் பூங்காவுக்குத்தான் ஃபிரிவில்லி, சனிக்கிழமை, பிறகு கோப்பி. கந்தோர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். கிழமைக்கு ஒருமுறை எப்படிச் சிறீலங்காவுக்குப் போய் வருகிறான் என்று அவர்களும் யோசித்தார்களாம். வரியை வெட்டி மேலே திருத்தி எழுதினார். என் கண்ணால் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். "அப்போ முடிவு எப்போது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. மொழிபெயர்ப்பவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, திருத்தியாச்சு. ஆனா திருத்தினாலும் ஒண்டுதான், திருத்தாட்டிலும் ஒண்டுதானாம். தமிழாக்களின்ரை உந்த விண்ணப்பங்கள் ஒண்டையும் எடுக்கேல்லையாம். கிடக்குதாம்."

"மறுத்திட்டினமோ?"

"இல்லையாம். கிடக்குதாம்."

"ஏனாம்?"

"தனக்குத் தெரியாதாம். மேலையிருந்து ஒண்டும் வரேல்லையாம்."

கேர்ஸ்டன் நம்பவில்லை. சட்டம் இருக்கிறதே, சட்டம் இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பில் கேர்ஸ்டன் எனக்குத் தெரியாத நாலைந்து சொற்கள் சொன்னார். வகுப்பில் படிப்பிக்கிற சொற்கள் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

நான் செய்த பிழையால் இல்லை என்று சந்தோசப்படுவதா? பிழை என்றால் திருத்தலாம். இதை எங்கே போய்த் திருத்துவது?

30 ஏப்ரல், சனி.

வெயில். பூங்காவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருக்கவும் ஏலவில்லை.

எல்லோருக்கும் கேர்ஸ்டன் சொல்லியிருக்கிறார் போல. பிரெபன் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்று, பெண்சாதியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். "சுகன்டி, சுகன்டி" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு களை பிடுங்கினார். நானும் பிடுங்கினேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது, மூக்கைச் சீறிச் சமாளித்தேன்.

சுகந்திக்கு எழுத வேண்டும். என்ன எழுதுவது? 'கிடக்குது' என்றா? தாளை எடுத்து வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

18 மே, புதன்.

இந்த வருடம் முதன்முதலாக ஜம்பர் போடவில்லை. கடிதம் இன்னும் எழுதவில்லை. பகல் சோற்றுக்கு இருக்க, ஜெயம் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "அண்ணை, கொழும்பு!"

சுகந்தி. "இஞ்சாருங்கோ, உங்கடை கடிதம் கிடைச்சுது. கிடைச்ச உடனை வெளிக்கிட்டிட்டம். வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை நிக்கிறம்."

சாமான் சட்டியெல்லாம் அக்காவிடம் கொடுத்தாயிற்றாம். வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தாயிற்றாம். பிள்ளைக்குக் குளிருக்கென்று மூடின சப்பாத்து வாங்கினாளாம், அதைப் பிள்ளை கழற்ற விடுகிறாளில்லையாம்.

"கொஞ்சம் சுணங்கும்" என்றேன்.

"எவ்வளவு?"

"தெரியாது."

"மறுத்திட்டாங்களோ?"

"இல்லை."

"அப்ப தந்திட்டாங்களோ?"

"இல்லை."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"எனக்கும்தான்."

பின்னால் பிள்ளை யாரோடோ சண்டை பிடிக்கிற சத்தம்.

"அப்ப நாங்கள் இஞ்சை நிக்கிறதோ, திரும்பிப் போறதோ? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வன்."

எல்லாம் தமிழ். ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"நில்லுங்கோ" என்றேன்.

"ஓம்" என்றாள் உடனே. ஏன் என்று கேட்கவில்லை.