கரண்டி யார் கையில்

செப்டம்பர் 10, செவ்வாய்

அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டு. இந்தச் சூசொக் அறுவடைத் திருநாளுக்கு அடுப்புப் பக்கமே போகக் கூடாது, போனால் அறுவைச் சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பவ்யமாகத் தலையாட்டினாள். பஸ் ஏறியதும், "பிஞ்சுப் பூசணி விலை ஏறுறதுக்குள்ள வாங்கிடணும்" என்கிறாள்.

படையல் அப்பாவின் முன்னோர்களுக்கு, போய்ச்சேர்ந்த தாத்தா உட்பட. மீனையும் பூசணியையும் மாவிலும் முட்டையிலும் தோய்த்து அத்தனை ஜொன் பலகாரத்தையும் தரையில் உட்கார்ந்து சுடுவது அந்த வம்சத்தில் பிறக்காத ஒரே ஆள், அம்மா. பிறந்தவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுத் தின்கிறார்கள். இதற்குப் பெயர் மரபாம்!

செப்டம்பர் 13, வெள்ளி

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: அப்பாவும் டோங்-உக் அண்ணனும் சுடட்டும்.

"ஆம்பளை சுட்டதை உங்க தாத்தா தொடமாட்டாருடி."

"பொம்பளை சுட்டதை மட்டும் வந்து தொட்டாராப்பா?"

அண்ணனுக்குப் புரையேறியது. அப்பா ஒரு வாய் சோற்றை மென்று முடித்தார். பிறகு, "உப்பு எவ்வளவு போடணும்?"

போருக்குத் தயாராக வந்தவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 14, சனி

அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லையே!

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் எண்ணெய் வாசனை. அம்மா இடது கையால் சுட்டுக்கொண்டிருக்கிறாள்!

"உனக்கென்ன பைத்தியமாம்மா?"

"இதையும் விட்டுட்டா இந்த வீட்ல நான் யாருடி?"

அப்பாவைத் திட்டத்தான் வசனம் வைத்திருந்தேன்.

அப்பா வந்து சட்டியின் முன் உட்கார்ந்தார். மீனிலிருந்து முட்டை உரிந்து மிதந்தது. அண்ணனின் பூசணி கரிக்கட்டை. அம்மா தவித்தாள்: "ஐயோ, தீயைக் குறைங்க! அதுக்குள்ள புரட்டாதீங்க!"

கடைசியில் கரண்டியைப் பிடுங்கிய கை யாருடையது? என்னுடையது. "தள்ளுங்கப்பா, நாசம் பண்றீங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியா? உனக்கே தாங்கல!"

அப்பா கையை நீட்டினார். "குடுடி. எங்கப்பாவுக்கு நான் சுடறேன்."

கொடுத்தேன். கொடுக்க மனசே வரவில்லை — வெட்கக்கேடு.

செப்டம்பர் 17, செவ்வாய்

படையல் முடிந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாதான் ஒரு ஜொன்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணி, கருகியிருக்கு?"

"உங்க அண்ணன் சுட்டது" என்றாள் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்து. "நான்தான் சொல்லிக்குடுத்தேன். அடுத்த வருஷம் நீங்களும் வாங்க, கத்துத் தர்றேன்."

சித்தப்பா அவசரமாக அதை வாயில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 5, சனி

மழை. மழை பெய்தால் இந்த ஊரில் எல்லார் வாயும் ஜொன்னும் அரிசிக்கள்ளும் கேட்கும். யாரும் சொல்லாமலே அப்பா வெங்காயத்தாள் நறுக்க ஆரம்பித்துவிட்டார். தடிதடியாக.

கூடத்தில் அம்மாவும் நானும் டிவி முன்னால். அம்மாவின் இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

"தீ ஜாஸ்தி! வாசனை வருது!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. என் கையும் தொடைக்கு அடியில்தான் இருந்தது.