பெயர் வெட்டுப்பட்ட மாத்திரைகள்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீயும் சளி குறைந்து சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவும் நலம் என்று இதே வரியில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அது பொய். பதினோரு நாளாக ஃபோனில் அந்தப் பொய்யைத்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு அறையில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும், உன் பெயர் ஃபோனில் வந்ததுமே கட்டிலிலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். ஃபோனில் செய்தி தட்டினால் யாருக்கு என்று கேட்பார். பேனா சத்தம் மட்டும் அவருக்குக் கேட்காது. அதனால் சமையல் மேடைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், மருந்துக்கடைக்குப் போகும்போது இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன்.

இந்த மாத ஆரம்பத்தில் அப்பாவுக்குச் சளி பிடித்தது உனக்குத் தெரியும். நீ பார்சலில் அனுப்பியிருந்தாயே, சளி, தும்மல், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை, அதை வேளைக்கு ஒன்றாகப் போட்டார். “என் பொண்ணு அனுப்பினது, தொண்டையில இறங்கும்போதே தெரியுது” என்று பஸ் பணிமனையில் தனக்குக் கீழே வேலை செய்யும் மெக்கானிக்குகளிடம் பெருமை வேறு. இரண்டு நாளாகியும் மூக்கு திறக்கவில்லை என்று தெருமுனைக் கடையில் இன்னொரு சளி மாத்திரை வாங்கினார். காய்ச்சலுக்கு வீட்டில் இருந்ததைத் தனியாகப் போட்டார். படுக்கும் முன் ஓர் அலர்ஜி மாத்திரை. எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அலமாரியில் இடமில்லை என்று பெட்டிகளையும் உள்ளே இருந்த விவரச் சீட்டுகளையும் எறிந்துவிட்டு, எல்லா மாத்திரை அட்டைகளையும் பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்தவள் நான். வேலைக்குக் கிளம்பும்போது அவற்றைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் அவர். வெட்ட வெட்டப் பெயர் போய்விட்டது. குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் லேபிள் இல்லாத பாட்டில் வந்தால் யார் கொண்டுவந்தது என்றுகூடக் கேட்காமல் தொட்டியில் ஊற்றுகிறவள் நான், அங்கே எனக்கு லேபிளம்மா என்றே பெயர். லேபிளம்மா வீட்டு லட்சணம் இது.

பதினோரு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டிச் சத்தம் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது முகமெல்லாம் வியர்த்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லையாம், குழாய்ச் சத்தம் கேட்டால் வரும் என்று நினைத்தாராம். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். என்னென்ன மாத்திரை என்று கேட்டாள். டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தேன். “இதுல எது எதும்மா?” என்றாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். நல்லவேளை, நீ அனுப்பியதில் ஓர் அட்டை வெட்டாமல் இருந்தது, மற்றதைக் கடைக்காரரிடம் ஃபோனில் கேட்டுச் சொன்னேன். பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருந்ததெல்லாம் ஒரே சரக்கு. மூக்கடைப்பை எடுக்கிற மருந்தும் தும்மலை நிறுத்துகிற மருந்தும் இரட்டிப்பாகப் போயிருக்கின்றன, புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு அவை சிறுநீரை அடைத்துவிடுமாம், முதலாவது ரத்த அழுத்தத்தையும் ஏற்றுமாம். காய்ச்சல் மருந்து மூன்று வழியாகப் போயிருக்கிறது, அது அளவு மீறினால் ஈரல் போய்விடும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஈரல் தப்பியது. புராஸ்டேட் வீக்கம் இரண்டு வருடமாக இருக்கிறதாம், என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை.

சிறுநீர் இறங்க டியூப் போட்டு, பை மாட்டி அனுப்பினார்கள். போன சனிக்கிழமை டியூபை எடுத்துப் பார்த்தார்கள், தானாக இறங்கவில்லை, திரும்ப மாட்டிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை மறுபடி எடுக்கிறார்கள். அன்றும் இறங்காவிட்டால் ஆபரேஷன். அதுவரை அவர் பையோடு கட்டுண்டு கிடக்கிறார், நான் அவரோடு. பணிமனைக்கு முதுகுப்பிடிப்பு என்று சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்று பால்கனிக் கதவைத் திறக்கவிடுவதில்லை, சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான். கடையில் ஐந்து நிமிடம் தாமதித்தால் ஃபோன், சமையலறையில் தாமதித்தால் செருப்பால் தரையில் தட்டு. “மக கிட்ட சொல்ற விஷயமா இது? சொன்னேன்னா வீட்டை விட்டுப் போயிடுவேன்” என்றார். பையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்க நாக்கு துடித்தது, பையைக் காலி செய்துவிட்டு வந்தேன்.

இத்தோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நேற்றுத் தலையணை உறை மாற்றும்போது அவருடைய கண்ணாடிக் கூட்டில் நான்கு துண்டுகள் கிடைத்தன. நீ அனுப்பியதுதான், ஒன்று காலி. மூக்கு மறுபடி ஒழுகுகிறதாம். டாக்டர் தொடவே கூடாது என்றதைச் சொன்னேன். “நீ தண்ணிக்குத்தான் டாக்டர். அவ பார்த்துப் பார்த்து அனுப்பினது எனக்குக் கெடுதல் பண்ணுமா?” என்கிறார். பிடுங்கிவிட்டேன், மத்தியானம் சாப்பிடவில்லை. வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறாரோ, ஒரு மனிதனின் சட்டைப் பையை எத்தனை நாள் துழாவுவது? நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் ஏறும், உன்னிடம் சொல்லவும் கூடாது. அந்த மாத்திரைக்கு இப்போது தடை போட்டுவிட்டார்கள் என்று உன்னை ஒரு பொய் சொல்லச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம். இந்த வீட்டில் இன்னொரு பொய்க்கு இடமில்லை.

நாளைக் காலையே அவரைக் கூப்பிடு. மிச்சத்தை எல்லாம் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல். யார் சொன்னது என்று கேட்டால் அம்மாதான் சொன்னாள் என்று சொல், என்னைக் காப்பாற்ற முயலாதே. நீ அனுப்பியதில் உன் தவறு ஒன்றுமில்லை, அழுது வைக்காதே, அவர் இன்னும் சுருங்கிப் போவார். நீயும் அதே மாத்திரையோடு இருமல் மருந்தும் குடிப்பதாகச் சொன்னாய். பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ளே என்ன இருக்கிறது என்று படி, இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் ஒன்றை நிறுத்து, சந்தேகம் இருந்தால் கடையில் மருந்து படித்தவரிடம் கேள். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே, தூக்கம் வரும். பெட்டியை மட்டும் எறியாதே.

நல்லபடியாக இரு, நீண்ட ஆயுளோடு இரு. செருப்புச் சத்தம் கேட்கிறது. அவர் நலமா இல்லையா என்பதை இனி அவரே உன்னிடம் சொல்லட்டும்.

உன் அம்மா