பனங்கட்டி சீனி இல்லையாம்

அண்ணை,

மச்சாள் தந்துவிட்டுப் போன பனங்கட்டிக் குட்டானை இன்று காலை அவிழ்த்தேன். அந்தச் சின்ன ஓலைப்பெட்டியின் முடிச்சைத் தளர்த்தியதும் பனைவெல்லத்தின் புகையும் பாகும் கலந்த அந்த மணம் குசினியை நிறைத்தது. ஜன்னலைத் திறந்தேன். குளிர்தான் உள்ளே வந்தது. மணம் வெளியே போகவில்லை. நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்கப்போகிறீர்கள் போல ஒரு கணம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை எரித்து இரண்டு வருடமாகிறது.

எனக்கும் சீனி வருத்தம் வந்த கதை எப்படியோ உங்கள் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. லண்டன் மிச்சத்தில் (Mitcham) உள்ள உங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பைக்குள் இருந்து இந்தக் குட்டானை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அவருக்கெண்டு ஊரிலை இருந்து வந்தது, தம்பி. கடைசி வரைக்கும் இதைத்தான் பாவிச்சவர். இனி உங்களுக்கு உதவும். சீனியை மட்டும் தொட்டிடாதேங்கோ."

இதுவும் சீனிதான் மச்சாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி அவர் கண்ணில் வந்து நின்றிருக்கும்: அப்படியென்றால் இவ்வளவு வருடமும் நான் அவருக்கு எதைக் கொடுத்தேன்? உங்கள் காலை வெட்டிய நாளிலிருந்து அவர் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. குட்டானை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நான் இலகுவில் யாரையும் மன்னிக்கிறவன் அல்ல. அது உங்களுக்கே தெரியும். அவர் மேல் மட்டும் பழி போட மனம் வரவில்லை. அந்தப் பழியும் உங்கள் தலையில்தான்.

கிளினிக்கில் என்னோடு கதைத்த தாதி நல்ல பெண். ஒரு தட்டின் படத்தைக் காட்டினாள். பாதி மரக்கறி, கால்வாசி மீனோ இறைச்சியோ, மற்றக் கால்வாசி உருளைக்கிழங்கு அல்லது பாஸ்தா. வழமையாக என்ன சாப்பிடுவேன் என்று கேட்டாள். புட்டு என்றேன். அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டுத் தட்டை நான் அவளுக்கு எப்படி விளக்குவது? தட்டு முழுக்கச் சோறு. கறிகள் எல்லாம் அதன் மேல் ஏறி இருக்கும்.

பிழை எங்கள் சொல்லிலேயே தொடங்குகிறது, அண்ணை. நீரிழிவு நோய்க்கே சீனி என்று பெயர் வைத்துவிட்டோம். "அவருக்குச் சீனி" என்றால் எல்லாருக்கும் விளங்கும். சீனிப் போத்தலை ஒளித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விளங்கும். சோற்றுக்கும் புட்டுக்கும் அந்தப் பெயர் இல்லாதபடியால் அவற்றைக் கண்டு ஒருவரும் பயப்படுவதில்லை.

நீங்கள் டொக்டரிடம் போய்வந்த அந்தப் பின்னேரம் நினைவிருக்கிறது. எல்லாரும் பார்க்க, சீனிப் போத்தலைக் குப்பை வாளிக்குள் கவிழ்த்தீர்கள். "இண்டையிலை இருந்து இந்த வீட்டுக்குள்ளை சீனி வரக்கூடாது!" பிறகு ராசா மாதிரிக் கதிரையில் சாய்ந்து, ஒரு கையில் வெறுந்தேத்தண்ணி, மற்றக் கையில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு.

"அண்ணை, அதுவும் சீனிதான்," என்றேன்.

"டேய், சீனி மெசினிலை வாறது. இது பனையிலை வாறது. எந்தப் பனைக்காவது சீனி வருத்தம் வந்ததைக் கண்டனியோ?"

பக்கத்தில் இருந்த உங்கள் சிநேகிதர் சிவபாதம் தொடையில் தட்டிச் சிரித்தார். "கம்பசிலை பனையைப் பற்றிப் படிப்பிக்கேல்லைப் போலை!"

"அதுதானே. கம்பசுக்குப் போனவர் எனக்குச் சாப்பாடு காட்டித் தாறாராம்," என்று நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். நான் படித்ததை நீங்கள் ஒருநாளும் பொறுத்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாய் திறந்தாலே பகிடிதான்.

ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் குட்டான் கட்டிக்கொண்டு வந்தவர் சிவபாதம். இந்தியக் கடையில் கேழ்வரகு என்று விற்கிற குரக்கன் மா சீனிக்கு நல்லது என்றவரும் அவர். நல்லதென்றால் கூடச் சாப்பிடலாம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அரிசி மாவில் ஒரு குழல் புட்டோடு எழும்பிய நீங்கள் குரக்கனில் இரண்டு கேட்டீர்கள். சிவப்பரிசிச் சோற்றைக் குவித்துவிட்டு, "இது மருந்து மாதிரி" என்பீர்கள். குளிசை கிட்னியைத் தின்னும், வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி என்று அவர் சொன்ன அன்றிலிருந்து டொக்டர் தந்த குளிசைகள் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் கிடந்தன. உங்கள் செத்தவீட்டில் எல்லாரையும் விடப் பெரிதாக அழுதவரும் அவர்தான். நான் எழும்பிப் பின்வரிசைக்குப் போய்விட்டேன். இன்றுவரை அவரோடு கதையில்லை. இனியும் இல்லை.

மற்றவர்கள் மட்டும் என்ன? பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று ஏதோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் கரண்டியோடு உங்களுக்கு மேலே குனிந்துகொண்டு நிற்பார். "ஒருநாளைக்குத்தானே, சாப்பிடுங்கோ." லண்டனில் எங்கள் சனத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒருநாள்தான்.

பிறகு அந்தத் தைமாதப் பின்னேரம். நீங்கள் மின்சார ஹீட்டருக்குக் கிட்டக் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நிற்கும்போதே ஏதோ கருகும் மணம் வந்தது. உங்களுக்கும் அது மணத்தது. "என்னப்பா, அடுப்பிலை என்ன எரியுது?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினீர்கள். மச்சாள் ஈரக் கையோடு ஓடிவந்தார். அடுப்பில் ஒன்றுமே இல்லை. எரிந்தது உங்கள் காலுறை. அதைக் கழற்றியபோது தோலும் கூட வந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்தீர்கள். காலில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசியாக இருதயம். ஆஸ்பத்திரியில் நான் கட்டிலருகே வந்து நின்றபோது நீங்கள் என் கையைத்தான் முதலில் பார்த்தீர்கள்.

"புட்டு கொண்டுவந்தனியோ?"

"இல்லை அண்ணை."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "நீ வாறதும் ஒண்டு, வராததும் ஒண்டு."

என்னோடு நீங்கள் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

இப்போது நான் தனியாக இருந்து எனக்கு என்ன சாப்பாடு என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் விரலைக் குத்தி இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கிறேன். சிவப்பரிசியும் ஏற்றுகிறது. குரக்கனும் ஏற்றுகிறது. இடியப்பத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் சாப்பிட்டால் கொஞ்சமாக ஏறுகிறது. அவ்வளவுதான் இதில் உள்ள இரகசியம், அதை விளங்க ஒரு கம்பசும் தேவையில்லை. ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதைவிட இரண்டு மடங்கு கீரை, ஒரு துண்டு மீன். தேத்தண்ணி வெறுமனே. மற்றக் கையில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பார்த்தால், இனித்தான் சாப்பாடு போடப்போகிறார்கள் போலிருக்கும். பசி என்பது வயிற்றில் இல்லை, அண்ணை, கைக்குள் இருக்கிறது. கை தானாகவே பானைப் பக்கம் போகும்.

அந்தக் கையை எப்படி மறிக்கிறேன் தெரியுமோ? உங்களை நினைத்துத்தான். பயத்தால் அல்ல. பயம் ஒரு கிழமையில் பழகிவிடுகிறது. உங்களுக்கும் அது பழகிப்போனதை நான் பார்த்தேன். கோபத்தால் மறிக்கிறேன். உங்கள் மேல் உள்ள கோபம், சிவபாதத்தின் மேல் உள்ள கோபம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்தச் சொல்லின் மேல் உள்ள கோபம். பானை மூடியைத் தொடும்போது அந்தக் கோபத்தைக் கிளறிவிடுவேன். உங்களை மாதிரிச் சாகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை வைத்துவிடுவேன். மன்னிக்கச் சொல்லிப் புத்தி சொல்கிறவர்களுக்கு இது விளங்காது. உங்களை மன்னித்தால் நான் சாப்பிட்டுவிடுவேன். இந்தக் கோபத்தைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். குளிசையோடு சேர்த்து காலையும் மாலையும்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மச்சாளைப் பார்க்க டிராமில் போனேன். அறிவிப்பில் மிச்சம் என்ற பெயர் வந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னது திடீரென்று காதில் கேட்டது. "தம்பி, இடத்துக்குப் பேர்தான் மிச்சம். இந்த வீட்டிலை மட்டும் ஒண்டும் மிச்சம் வைக்க ஏலாது."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார். நீங்கள் போனபிறகு முதல் தடவையாக உங்களைக் கோபமில்லாமல் நினைத்தேன். உடம்பே லேசாகிவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்ததுதான் பயம்.

மச்சாள் சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன் எல்லாம் மேசையில் வைத்திருந்தார். ஒருதரம் போட்டார். முடித்தேன். அகப்பையோடு திரும்பி வந்தார். வழமையாகத் தட்டை மறித்து நீட்டும் என் கை மடியிலேயே கிடந்தது. கோபத்தைக் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் எழும்பவில்லை. போட்டதையெல்லாம் சாப்பிட்டேன். மூன்றாம் தரமும் கொஞ்சம்.

மச்சாள் எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். உங்கள் சாவுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

"இண்டைக்குத்தான், தம்பி," என்றார், "உங்கடை அண்ணை மாதிரிச் சாப்பிட்டிருக்கிறியள்."