டாக்டரம்மாவின் கோட்டு

என் அன்பு மகள் டாக்டரம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். அண்ணி எழுதி நான் கைநாட்டு வைத்த கடிதம் இல்லை இது. எழுத்தின் கோணலைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டாகிவிட்டது. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகையால் விசாரிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? படம் போட உட்கார்ந்தால் உனக்குப் பசி தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

எனக்குப் போனில் “ஆங்”, “சரிம்மா” இரண்டுக்கு மேல் வாயில் வராது. பேனாவைக் கையில் எடுத்தால் பேச்சு தானாக வருகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சங்கதியைக் கண்டுபிடித்திருக்கிறேன். தெருவில் நடப்பதுகூட இப்போது பெரிய வேலையாகிவிட்டது. ஒரு போர்டு விடாமல் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். மருந்துக் கடை வாசலில் “இங்கே யாரும் நிற்கக் கூடாது” என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அங்கே நின்றுதானே நான் ஊர்க்கதை பேசினேன்! கடைக்காரரிடம் கேட்டேன். “உங்களுக்காகத்தான் எழுதி வெச்சேன். நீங்க படிக்கலையேன்னு நெனச்சேன்” என்று சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பார்சல் இன்று, செவ்வாய்க்கிழமை, காலையில் வந்தது. அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, நீ படம் போடும்போது மாட்டும் அந்தப் பழைய வெள்ளைக் கோட்டை இரண்டு விரலால் தூக்கி என் மேசைமேல் போட்டான். “கறையெல்லாம் எடுத்துத் தரணுமாம்பா. அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குப் போட்டுக்கணுமாம். மிஷின்ல போட்டா போகாது, அப்பாவால மட்டும்தான் முடியும்னு சொன்னா” என்றான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சலவைக் கடையை அவன் கையில் கொடுத்த பிறகு என்னைத் தேடி வந்த முதல் கறை இது.

போன தடவை நாலு பேரோடு சேர்ந்து நீ படம் வைத்தபோது, வாசல் காவலாளி உன் கோட்டைப் பார்த்து, “வெள்ளையடிக்கிறவங்க எல்லாம் பின்பக்கமாப் போங்க” என்று சொன்னானாமே. அதை நீ சிரித்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னாயாம். அவனும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை மண்டபம் முழுக்க உன் படங்கள் மட்டும்தான். அதனால்தான் உனக்குக் கோட்டும் வேண்டும், கேலியும் வேண்டாம். சரி, மகள் கேட்டுவிட்டாள், பழைய வெள்ளையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை. காலையில் எழுந்ததும் நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே புரிந்தது!

சலவைக்காரனிடம் பொய் சொல்ல முடியாது என்று உன் அம்மா இருந்தவரைக்கும் சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? சிகரெட்டை விட்டாகிவிட்டது என்று வீட்டில் சத்தியம் செய்தவருடைய சட்டைப் பை எங்களிடம் வேறு கதை சொல்லும். அந்த மாதிரி உன் கோட்டை மேசையில் விரித்துப் போட்டுப் பார்த்தேன். நீ தூரிகையைத் துணியில் துடைப்பதே இல்லை, வலது தொடையில்தான் துடைக்கிறாய். இடது முழங்கை முழுக்கக் கறுப்பு. படம் காய்வதற்குள் அதன்மேல் சாய்ந்திருக்கிறாய், பொறுமை கிடையாது. மேல் பட்டன் மட்டும் சுத்தமாக இருக்கிறது, அதை நீ போடுவதே இல்லை. வலது கை மணிக்கட்டில் நீலம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி அட்டை மாதிரி விறைத்துப்போயிருக்கிறது. நீ வானத்தைத்தான் அடிக்கடி திருத்துகிறாய் போலிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வேலையை ஆரம்பித்தேன். உன் பேச்சைத் தட்டக் கூடாது பார். பின்பக்கம் கீழ் விளிம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை இருந்தது. கறை வந்த வழியாகவே வெளியே போக வேண்டும், அதுதான் எங்கள் வேலை முறை. துணியைக் குப்புறப் போட்டு, அடியில் பழந்துணி வைத்து, பின்னாலிருந்து டர்பன்டைனைத் தொட்டுத் தொட்டு ஒற்றினேன். புதுக் கறை, சீக்கிரம் இளகிவிட்டது. கோட்டில் அந்த இடம் பளிச்சென்று வெளுத்தது. பச்சை அப்படியே பழந்துணிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பச்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நம் கடைக் கதவின் பச்சை! போன தடவை வந்தபோது எதிர்ச்சாரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதவைப் படமாகப் போட்டாயே, அன்றைக்குப் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே கதவு, கையில் அதே நிறம். அதற்குமேல் கை ஓடவில்லை. டர்பன்டைன் பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். “இன்னும் ஒண்ணுமே ஆகலையா? ஊர்ச் சட்டையெல்லாம் வெளுக்கிறோம், நம்ம வீட்டுப் பொண்ணு அழுக்குக் கோட்டோட மண்டபத்துல நின்னா யாருக்குப்பா கேவலம்? நம்ம கடைக்குத்தானே?” என்றான். அண்ணி உள்ளேயிருந்து, “நீங்க மொதல்ல உங்க காலரைப் பாருங்க” என்று சொன்னதும் அடங்கிவிட்டான். கோபம் இல்லை அவனுக்கு. தங்கையைப் பார்த்து இன்னொரு தடவை யாரும் சிரித்துவிடக் கூடாதே என்ற கவலைதான்.

வியாழக்கிழமை. இன்று எழுதப் போவதுதான் முக்கியம். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

காலையில் உன் கண்காட்சி அழைப்பிதழ் தபாலில் வந்தது. அண்ணி படித்துச் சொல்கிறேன் என்று கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நானே படித்தேன். ‘கண்காட்சி’ என்ற ஒரு சொல்லைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது, இருந்தாலும் விடவில்லை. உன் பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதற்குக் கீழே மண்டபத்துக்காரர்கள் இப்படி எழுதியிருக்கிறார்கள்: ‘இவருடைய படங்கள் எல்லாவற்றிலும் இடது மூலையில் பழுப்பு நிறப் படகு ஒன்று நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஓவியர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்.’

பக்கத்தில் நம் கடைக் கதவுப் படத்தை அச்சடித்திருந்தார்கள். அதிலும் இடது மூலையில், தரையோடு, ஒரு பழுப்புப் படகு. கடைத் தெருவில் ஏது தண்ணீர், படகு நிற்க? யோசித்துக்கொண்டே அழைப்பிதழை மேசையில் வைத்தேன். உன் கோட்டு அங்கேதான் விரித்துக் கிடந்தது. அதன் இடது முன்பக்கம், கீழ் ஓரத்தில், அதே படகு.

அம்மா சுட்ட இடம்.

நீ ஓவியப் பள்ளிக்குக் கிளம்பிய அன்று காலை அவள்தான் இந்தக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை துணி அவள் கையில் போயிருக்கும், ஒன்றையாவது கருக்கியிருப்பாளா? அன்றைக்கு நீ பெட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். தீய்ந்த வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது. பெட்டியைத் தூக்கினால் அதன் அச்சு பழுப்பாகப் பதிந்திருந்தது. “போகட்டும்மா, வேற கோட்டு வாங்கித் தரேன்” என்று அவள் சொல்ல, “இதுவே போதும்மா” என்று நீ மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியில்தான் கோளாறு, சூடு அளவுக்கு மீறி ஏறுகிறது என்று அந்த வாரம் முழுக்கச் சாதித்தாள். என்னை விரட்டி எலக்ட்ரீஷியனைக் கூட்டிவர வைத்தாள். அவர் பெட்டியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, “பெட்டிக்கு ஒண்ணும் இல்லைம்மா, நல்லாத்தான் இருக்கு” என்றார். அவள் அவரையும் நம்பவில்லை. புதுப் பெட்டி வாங்கிய பிறகுதான் ஓய்ந்தாள்.

நீ படம் போட உட்கார்ந்தால் அந்த இடம் உன் மடியில் வந்து விழும் இல்லையா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், பதில் எழுத வேண்டாம். டீச்சரும் வகுப்பில் அழைப்பிதழை எல்லோருக்கும் காட்டிவிட்டு, “ஐயா, உங்க பொண்ணு ஏன் படகு போடுறாங்க?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

ஆனால் அண்ணனை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன். அழைப்பிதழைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், தன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அதனால், மகளே, நீ கேட்டபடி நான் செய்யவில்லை. கழுத்து வேர்வையை எடுத்தேன், டீக் கறையை எடுத்தேன், பஸ்ஸிலோ எங்கேயோ அப்பிய கிரீஸை எடுத்தேன். கிழிந்திருந்த பையைத் தைத்தேன். அழுக்கு எல்லாம் போய்விட்டது. நிறம் எதிலும் கை வைக்கவில்லை, அந்தப் பட்டாணிப் பச்சை தவிர. அதை நீயே ஒரு தடவை தூரிகையால் தொட்டுவிடு. வெள்ளையாக்கித் தர என்னால் முடியும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றால், படம் போட்டது நீ இல்லை, வேறு யாரோ என்று ஆகிவிடும்போல எனக்குத் தோன்றியது.

இன்று ராத்திரி அண்ணனே வந்து இஸ்திரி போட்டான். அந்த மூலை வந்ததும் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, கையாலேயே நீவிவிட்டான். “அம்மா இடத்துல இன்னொரு சூடு வைக்க மனசு வரலைப்பா” என்றான். ஆனாலும் அவன் அவன்தானே. புது வெள்ளைக் கோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறான், “எதுக்கும் இருக்கட்டும்” என்று. இரண்டையும் அனுப்புகிறோம். எதைப் போடுவது என்பது உன் இஷ்டம்.

கடைசியாக ஒன்று. உனக்கே தெரியும், இது வாங்க ஆள் வராத கோட்டு. யாரோ ஒரு டாக்டர் வெளுக்கப் போட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார். ஒரு வருஷம் வைத்திருந்து பார்த்துவிட்டு உனக்குக் கொடுத்தேன், சாயம் உடம்பில் படாமல் இருக்கட்டும் என்று. அது கணுக்காலில் இடிக்க நீ தெருவில் நடந்தால், “டாக்டரம்மா, ஊசி போடுவீங்களா?” என்று எல்லோரும் கேட்பார்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு ஒரு குறி வைத்துத்தான் துணிகளைப் பிரிப்பேன். அந்த டாக்டருக்கு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும். காலருக்குள் அந்தக் குறி இன்னும் அப்படியே இருக்கிறது. இத்தனை காலமும் நீ இன்னொருவர் குறியோடுதான் நடந்திருக்கிறாய்.

அதை இன்றைக்கு ஒரே கோடாக அடித்துவிட்டேன். அதன் கீழே, துணிக்குக் குறி போடும் மையைத் தொட்டு, உன் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். முதலில் பழந்துணியில் எழுதிப் பழகிவிட்டுத்தான் காலரில் கை வைத்தேன். கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, மன்னித்துக்கொள். எத்தனை சலவைக்குப் போட்டாலும் அந்த மை போகாது.

நீ நன்றாக இரு. உன் கை ஓயாமல் இருக்கட்டும், கோட்டில் இன்னும் நிறைய நிறம் ஏறட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மண்டப வாசலில் யாராவது நிறுத்தி, பின்பக்கமாகப் போ என்றால் ஒன்றும் பேசாதே. காலரைத் திருப்பிக் காட்டிவிட்டு முன்பக்கமாகவே உள்ளே போ.

இப்படிக்கு,
உன் பெயரைத் தன் கையால் எழுதிய
உன் அப்பா