மாம்புரியாருக்கு வாளி ஐஸ்கிறீம்

ஆகஸ்ட் 6, புதன்

கச்சான் காற்று. கூட்டக் கூட்ட முற்றத்தில் மண்.

இன்றைக்கு ஒரு வெட்கக்கேடு. மகள் றிஸ்னாவைப் பெண் பார்க்க வரப்போகும் மாப்பிள்ளையின் உம்மா, மாம்புரி லாத்தாவிடம் போனில் பொய் சொல்லிவிட்டேன். "ஐஸ்கிறீம் கடையிலயா எடுப்பீங்க தங்கச்சி?" என்று கேட்டா. "சீ, வீட்டுல மெசின் இரிக்கி" என்றது என் வாய். வீட்டில் இருப்பது வாளி. நம்மட ஃப்ரிட்ஜின் மேல்தட்டு மீனையே இறுக்காது.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இவர் சிரித்தார். "உப்பு நான் தாறன். ஐஸ் மீன் வாடியில கெடக்கு. மெசின் நீதான் புள்ள."

ஞாயிறு வருகிறார்கள்.

தேவை: வாளி 1. பால்மா டின் 1, மூடி இறுக்கமானது. டின்பால் 2. தேங்காய் 3. கித்துள் கருப்பட்டி. ஏலக்காய். வண்ணாத்திவில்லுக் கஜுப் பருப்பு. உப்பு, இவர் வேலை செய்யும் உப்பளத்துப் பாத்தியிலிருந்து, சும்மா.

இந்தக் கொப்பி இவருடைய சீனி வருத்தக் கிளினிக்கில் டொக்டர் எழுதுவதற்கு வாங்கினது. இரண்டு வாங்கினேன், ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன்.

இவர் இடது கால் பெருவிரலுக்கு அடியில் வெட்டு. பாத்தியில் உப்புக்கட்டி கிழித்ததாம், போன கிழமை. இன்றைக்குத்தான் சொல்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அதே காற்று. போட் ஒன்றும் கடலுக்கு இறங்கவில்லை, கரையில் மீன் வாங்கும் வாடியில் ஐஸ் கேட்பாரில்லை. வாடிக்காரன் சாக்கு நிறையத் தந்தான்.

முதல் தரம்: தேங்காய்ப்பால், டின்பால், கருப்பட்டிப் பாகு, டின்னுக்குள். டின் வாளிக்குள். சுற்றிவர ஐஸ். உப்பு ஒரு பிடி. ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நானும் மகளும் ஆளுக்கொரு கோப்பை குடித்தோம். நல்ல சர்பத்.

றிஸ்னா சொல்கிறாள் உப்புப் போதாதாம். உப்பு ஐஸை உருக்கும், உருக உருகக் குளிர் கூடுமாம். டின்னை விடாமல் திருப்பவும் வேணுமாம். பள்ளிக்கூடத்தில் படித்ததாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது பிழை.

விரலைப் பார்த்தேன். ஓரம் வெள்ளை, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"நோவே இல்ல. ஞாயிறு முடியட்டும். மாப்பிள வீட்டார் வார நேரம் வாப்பா வார்ட்டுல எண்டா நல்லமா?"

நல்லமில்லைதான். நானும் ஓம் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இரண்டாம் தரம். ஐஸ் ஒரு படை, உப்பு ஒரு படை, தாராளமாய். நான் டின்னைத் திருப்ப, வாளியும் சேர்ந்து சுற்றியது. இவர் கதிரையைப் போட்டு இருந்து, வெறுங்காலால் வாளியை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தார். கால் மணிக்கு ஒருக்கால் மூடியைத் திறந்து ஓரத்தில் இறுகினதைச் சுரண்டிக் கலக்கினேன். மூன்றாம் முறை திறந்தபோது கரண்டி நிமிர்ந்து நின்றது! றிஸ்னா கை தட்டினாள். வாயில் வைத்தேன். கருப்பட்டி, ஏலம், குளிர். அல்ஹம்துலில்லாஹ்.

கீழே குனிந்தால், வாளி வழிந்து இவர் இடது கால் முழுக்க உப்புத் தண்ணீர். பெருவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு ஐஸ் துண்டு செருகி நிற்கிறது. இவர் பாத்தி மேற்பார்வைக்காரனின் தொந்தியைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருக்கிறார். அந்தத் தண்ணீரில் என் விரலை வைத்தேன். நெருப்பு. உடனே எடுத்துவிட்டேன்.

"கால் குளிரல்லியா?"

"எந்தக் கால்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பகிடி விடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காற்று கொஞ்சம் குறைவு. ஈ கூடுதல்.

வாளி நாறுகிறது. மீன் ஐஸ் போட்ட வாளிதானே. சவுக்காரம் போட்டுக் கழுவினேன். தேசிக்காய் தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்தேன். போகவில்லை. ஐஸ்கிறீமில் ஏறினால் மாம்புரியில் மானம் போகும். வாடிக்காரனைத் திட்டிவிட்டு, தோட்டத்து மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அறைக்குள் போனேன். வாளி தோட்டத்தில். நாற்றம் அறையில். இவர் நித்திரை, கால் கட்டிலுக்கு வெளியே.

போய் வாளியைத் திரும்ப எடுத்து வந்தேன். அதில் ஒரு நாற்றமும் இல்லை.

கிளினிக் நர்ஸ் மிஸ் ஒருக்கால் சொன்னா, "நோவு இரிந்தா நல்லம். சீனிக்காரருக்கு நோவு இல்லாட்டித்தான் பயம்." அன்றைக்கு நான், "அப்ப கிள்ளிப் பாக்கிறன் மிஸ்" என்று சொல்லி வரிசையையே சிரிக்க வைத்தேன்.

றிஸ்னா: "எனக்குக் கலியாணம் வேணாம். வாப்பாவ இப்பவே கொண்டு போங்க."

இவர்: "வாய மூடு. இந்தப் பொடியன் நல்ல பொடியன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கருப்பட்டி சீவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்தானே என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாம்பிராணி மூன்று தரம்.

பத்துப் பேர் வந்தார்கள். இவர் காலுக்குச் சப்பாத்து, உள்ளுக்குக் காலுறை மேசு. வீட்டுக்குள் என்னத்துக்குச் சப்பாத்து என்று ஒருவர் கேட்டார். "மாப்பிள வீட்டாருக்கு மரியாதை" என்றேன். மாம்புரி லாத்தா மூக்கை உறிஞ்சினா. "இவ்வளவு சாம்பிராணியா?" "உங்களுக்குக் கண்ணூறு படாம, லாத்தா."

ஐஸ்கிறீம் இரண்டு கோப்பை சாப்பிட்டா. மூன்றாவதுக்கும் பார்த்தா. பிறகு, "எங்க அந்த மெசின்? காட்டுங்களன்."

இவரைக் காட்டினேன். "இந்தா இரிக்கார். நூறு வருசம் பழுதாகாது."

வீடே சிரித்தது. இவரும் சிரித்தார். நெற்றி வேர்த்திருந்தது, கை சுட்டது. காய்ச்சல்.

சம்மதம். மாலை நாலு மணிக்குப் போனார்கள். சப்பாத்தைக் கழற்றியும் மேசு ஒட்டிக்கொண்டு வரவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். கறுப்பு பாதத்தில் பாதி தூரம் வந்துவிட்டது. இப்பவே போவோம் என்றேன். விடியட்டும் என்று படுத்துவிட்டார். இந்தத் தரம் நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்றே இல்லை. புத்தளம் ஆஸ்பத்திரி. வார்ட் கட்டிலுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸுபஹ் தொழுததும் த்ரீவீல். புறப்படும்போது, "மிச்ச ஐஸ்கிறீம் இரிக்கா?" என்று கேட்டார். வாளியை அணைத்துப் பிடித்த மனிசன். சீனி வருத்தம் என்று ஒரு கரண்டி கொடுக்கவில்லை நான். பிளாஸ்க்கில் ஊற்றிப் பைக்குள் வைத்தேன், கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில்.

கிளினிக் டொக்டர் சின்னப் பிள்ளை மாதிரி. காலைப் பேனையால் குத்தினார். "நோகுதா?" "இல்ல." "இங்க?" "இல்ல டொக்டர்." இவர் ஒவ்வொன்றுக்கும் பாஸாகின மாதிரி என்னைப் பார்த்தார். டொக்டர் கொப்பியில் ஒரு பக்கம் நிறைய எழுதினார். என்ன எழுதினது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். விரல் போகும். அதுக்கு மேல எவ்வளவு என்று வார்ட்டில் பார்த்துச் சொல்வார்களாம்.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று மிஸ் கேட்டா.

"கொஞ்ச நாள்" என்றேன்.

வார்ட்டில் கொப்பியைக் கேட்டார்கள். பிளாஸ்க் மூடி சரியாக இறுகவில்லை. டொக்டர் எழுதின பக்கமும் முன் நாலு பக்கமும் ஒன்றாக ஒட்டி, மை கருப்பட்டியில் கரைந்துவிட்டது. வார்ட் மிஸ் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தா. திரும்ப எழுத வேணும், வேறு கொப்பி கொண்டு வாங்க என்றா. கடைக்கு வெளியே போனால் பார்வை நேரம் வரைக்கும் உள்ளே விட மாட்டார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கொப்பியில் மிச்சப் பக்கம் வெள்ளைதான். நான் எழுதின பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு கொடுக்கப் போகிறேன். மட்டையில் இவர் பெயர் எழுதியாச்சு. பக்கத்துக் கட்டில்காரர் ஐஸ்கிறீம் வாசம் வருகுது என்கிறார்.